நின்றுபோன மாதங்களின் பணம்: மாற்றுத்திறனாளி உதவித்தொகையில் நிலுவை பற்றி ஒரு பாடம்



ஜும்ஆ முடிந்து நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் மாற்றுத்திறனாளி உதவித்தொகை பற்றிப் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள்.

முதல் கேள்வி: "எங்கள் அத்தாவுக்குக் கால் போய் பத்து வருடம் ஆகிறது. இப்போதுதான் மனு போட்டிருக்கிறோம். அந்தப் பத்து வருடத்துக்கும் சேர்த்துப் பணம் வருமா?"

இரண்டாம் கேள்வி: "மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் ஏழெட்டு மாதமாக வரவில்லை. இனிமேல் வந்தால் போதும். போனது போகட்டும் என்று விட்டுவிடலாமா?"

முதல் கேள்விக்கு வராது என்பதே பதில். இரண்டாம் கேள்விக்கு விட்டுவிடக் கூடாது என்பது பதில். ஆனால் நம் மக்களிடம் நிலைமை தலைகீழாக இருக்கிறது. வராத பணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். வர வேண்டிய பணத்தை நாமே கைவிட்டுவிடுகிறோம். இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்வதற்காகவே இம்மாதப் பாடம். வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் குடும்பத்தார் பாஸ் புத்தகத்தையும் உத்தரவு நகலையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் பயன் அதிகம்.

1. பணம் எங்கிருந்து வருகிறது?

நம் ஊரில் எல்லாவற்றையும் "ஓ.ஏ.பி. பணம்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். நிலுவை கேட்க வேண்டுமானால் முதலில் இது எந்தப் பணம் என்று தெரிய வேண்டும். இரண்டு துறைகள் தனித்தனியாகக் கொடுக்கின்றன.

ஒன்று, வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்டம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை 1974இல் வந்தது. பிறகு 2009இல் மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டமும் சேர்ந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து 80 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு உரியது அது. மாநிலத் திட்டத்துக்கு 40 சதவீதம் போதும். இந்தத் தொகை 2023 ஜனவரி முதல் 1000 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்ந்தது. நம் ஊருக்கு இதைப் பார்ப்பவர் திருக்கோவிலூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்.

இரண்டு, மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2000 ரூபாய். 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச் சிதைவு நோயாளிகள், தொழுநோயிலிருந்து குணமானோர், முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோர், பார்க்கின்சன் நோய் உள்ளோர் போன்றவர்களுக்கு உரியது. இதைப் பார்ப்பது கள்ளக்குறிச்சியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

ஒருவர் இவ்விரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். திருக்கோவிலூரில் கேட்க வேண்டியதைக் கள்ளக்குறிச்சியில் கேட்டாலும், கள்ளக்குறிச்சியில் கேட்க வேண்டியதைத் திருக்கோவிலூரில் கேட்டாலும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும்தான் வீண். சாமான் வாங்கவும் வைத்தியம் பார்க்கவும் நாம் திருவண்ணாமலைக்குப் போவது வழக்கம். ஆனால் அது வேறு மாவட்டம். அங்கே நடக்கும் முகாமில் மனு கொடுத்தால் நம் வேலை நடக்காது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் உத்தரவு வாங்கியவர்களின் காகிதத்தில் விழுப்புரம் மாவட்டம் என்றே இருக்கும். பழைய மாவட்டத்தின் பெயர் இருக்கிறதே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் உரிமை எந்த மாதம் தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

2. மூன்று தேதிகள்

நிலுவைக் கணக்கு முழுவதும் மூன்று தேதிகளில் அடங்கியிருக்கிறது.

ஊனம் ஏற்பட்ட தேதி: விபத்து நடந்த நாள், நோய் வந்த நாள், அல்லது பிறந்த நாள்.

மனு கொடுத்த தேதி: இ-சேவை மையத்திலோ அலுவலகத்திலோ விண்ணப்பம் பதிவான நாள். ஒப்புகைச் சீட்டில் எண்ணோடு இருக்கும்.

உத்தரவு அமலாகும் மாதம்: "இன்ன மாதம் முதல் வழங்கப்படுகிறது" என்று ஒப்பளிப்பு உத்தரவில் எழுதியிருக்கும் மாதம்.

நம் குடும்பங்களில் முதல் தேதி எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். இரண்டாவது தேதிக்குச் சீட்டைத் தேட வேண்டியிருக்கும். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால், "உத்தரவா? பணம் வந்துவிட்டதே, அதை ஏன் வாங்க வேண்டும்?" என்கிறார்கள். ஆனால் அலுவலகத்தில் நிலுவைக்குக் கணக்காவது இந்த மூன்றாவது தேதிதான். உத்தரவு நகல் கையில் இல்லாதவர்கள் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள்.

3. எது நிலுவை, எது நிலுவை இல்லை?

நான்கு நிலைகளாகப் பிரித்துப் பார்ப்போம்.

*முதல் நிலை: மனு கொடுப்பதற்கு முந்தைய காலம்.* இதற்கு நிலுவை கிடையாது. பத்து வருடம் ஊனத்தோடு வாழ்ந்திருந்தாலும், மனு கொடுக்காத காலத்துக்கு நம் திட்டங்களில் பணம் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், "அங்கெல்லாம் பின்தேதியிலிருந்து மொத்தமாகக் கொடுக்கிறார்களே" என்பார்கள். அமெரிக்காவில் உழைக்கும் காலத்தில் சம்பளத்திலிருந்து சமூகப் பாதுகாப்பு வரி கட்டியவருக்கு, அந்தக் காப்பீட்டின் கீழ், மனு தேதிக்கு முன் 12 மாதம் வரை பின்னோக்கிக் கொடுக்க விதி இருப்பது உண்மைதான். ஆனால் அதே நாட்டில், வரி கட்டிய கணக்கைப் பார்க்காமல் ஏழ்மையைப் பார்த்துக் கொடுக்கும் உதவிக்கு மனுவுக்கு முந்தைய காலத்தைச் சேர்ப்பதில்லை. நம் திட்டங்கள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

*இரண்டாம் நிலை: மனு கொடுத்ததிலிருந்து உத்தரவு வரும் வரை.* கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று மனு படிப்படியாகப் போகிறது. இதற்கு மாதங்கள் ஆகலாம். காத்திருந்த மாதங்களுக்குத் தானாகப் பணம் சேர்ந்துகொண்டிருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். உத்தரவில் எந்த மாதம் எழுதியிருக்கிறதோ அந்த மாதம் முதல்தான். ஆகவே இந்தக் கட்டத்தில் நம் வேலை நிலுவை கேட்பது அன்று. மனு தேங்காமல் நகர வைப்பதுதான் வேலை. ஒப்புகை எண்ணை வைத்து மாதம் ஒரு முறை விசாரிக்க வேண்டும். தேங்கினால் எழுத்தில் கேட்க வேண்டும். இங்கே மிச்சப்படுத்தும் ஒவ்வொரு மாதமும் 1500 ரூபாய் அல்லது 2000 ரூபாய்.

*மூன்றாம் நிலை: உத்தரவுக்குப் பின் வராத மாதங்கள்.* இதுதான் உண்மையான நிலுவை. உத்தரவு அமலில் இருக்கிறது, பயனாளி உயிரோடு இருக்கிறார், தகுதியும் மாறவில்லை. பணம் மட்டும் கணக்கில் ஏறவில்லை. அனுப்பிய பணம் திரும்பிப் போயிருக்கலாம், வேறு கணக்குக்குப் போயிருக்கலாம், அனுப்பாமலே விட்டிருக்கலாம். எதுவானாலும் அந்த மாதங்களின் தொகையைக் கேட்க நமக்கு முழு நியாயம் உண்டு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சான்று காலாவதியானது, வாழ்நாள் சான்று கொடுக்காதது போன்ற காரணத்துக்காக முறைப்படி நிறுத்தி வைத்திருந்தால், இடைப்பட்ட மாதங்களைச் சேர்த்துக் கொடுப்பதா என்பதை அலுவலர் காரணத்தைப் பார்த்து முடிவு செய்வார். கட்டாயம் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கேட்காவிட்டால் கிடைக்காது என்பது மட்டும் உறுதி.

*நான்காம் நிலை: தொகை உயர்ந்த பிறகும் பழைய தொகையே வருவது.* உயர்வு அமலான மாதத்திலிருந்து வித்தியாசத் தொகை நிலுவை ஆகும். ஆந்திராவில் 2024 ஜூலை 1 அன்று முதியோருக்கு ஒரே நாளில் 7000 ரூபாய் கொடுத்தார்கள். "மாதம் ஏழாயிரமாமே" என்று இங்கே பலர் வியந்தார்கள். அது ஏழாயிரம் இல்லை. மாதத் தொகை 3000த்திலிருந்து 4000 ஆனது. அந்த உயர்வை ஏப்ரல் முதல் கணக்கிட்டார்கள். ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாத வித்தியாசம் 3000. ஜூலைத் தொகை 4000. ஆக 7000. முன்தேதியிட்ட உயர்வில் நிலுவை எப்படி வருகிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

நம் மாநிலத்தில் உயர்வு தேதிகள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். மாற்றுத்திறனாளிகளுக்கு 1500 ஆனது 2023 ஜனவரியில். முதியோருக்கும் கணவரை இழந்தோருக்கும் 1200 ஆனது 2023 ஆகஸ்டில். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில், மற்றவர்களுக்கான இதே போன்ற திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 1200இல் 25 சதவீதம் 300. இரண்டையும் கூட்டினால் 1500. எனவே மாற்றுத்திறனாளி ஒருவர் முதியோர் கணக்கில் சேர்க்கப்பட்டு 1200 வாங்கிக்கொண்டிருந்தால், எந்தத் திட்டத்தில் பெயர் இருக்கிறது என்று உடனே பாருங்கள். மாதம் 300 ரூபாய் குறைகிறது.

4. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணக்கு ஒன்று: ஒரு சகோதரிக்கு 2023 ஜூலை முதல் 1500 ரூபாய் என்று உத்தரவு. 2024 மார்ச் வரை வந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரவில்லை. டிசம்பரில் மறுபடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். வராத மாதங்கள் 8. எட்டு பெருக்கல் 1500, ஆக 12,000 ரூபாய் நிலுவை. டிசம்பரில் பணம் வந்துவிட்ட நிம்மதியில் இந்தப் பன்னிரண்டாயிரத்தை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

கணக்கு இரண்டு: ஒரு சகோதரருக்கு 2023 ஜனவரியிலிருந்து 1500 வர வேண்டும். ஜூன் வரை 1000தான் வந்தது. வித்தியாசம் 500, மாதங்கள் 6. நிலுவை 3000 ரூபாய்.

கணக்கு மூன்று: பராமரிப்பு உதவித்தொகை 2000 பெறும் சிறுவன். வங்கிக் கணக்கு மாற்றியதில் 5 மாதம் தவறியது. நிலுவை 10,000 ரூபாய்.

கணக்கு நான்கு: தகுதி இருந்தும், "அரசாங்கத்திடம் கையேந்துவதா" என்று கூச்சப்பட்டு நான்கு வருடம் மனுவே கொடுக்காத ஒரு குடும்பம். 48 மாதம், மாதம் 1500. மொத்தம் 72,000 ரூபாய். இதற்கு நிலுவை இல்லை. இந்தப் பணம் திரும்ப வராது.

நான்கில் பெரிய தொகை எது என்று பாருங்கள். கூச்சத்தால் போனதுதான். சட்டம் கொடுத்திருக்கும் ஹக்கைக் கேட்பது யாசகம் ஆகாது. உதவித்தொகை ஜகாத்தும் அன்று, ஒரு தனி மனிதரின் தயவும் அன்று.

5. பணம் ஏன் நிற்கிறது?

நம்மிடம் வரும் பாஸ் புத்தகங்களைப் பார்த்ததில் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்:

ஆதார் இணைப்பு மாறுவது. ஆதார் எண்ணை அடையாளமாக வைத்து அனுப்பும் பணம், ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போகும். மகளிர் குழுக் கடனுக்கோ கேஸ் மானியத்துக்கோ வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதாரைக் கொடுத்தால் பணம் அங்கே போய் விழலாம். எனவே "வரவில்லை" என்று மனு கொடுக்கும் முன் வீட்டில் உள்ள எல்லாப் பாஸ் புத்தகங்களிலும் வரவு போட்டுப் பாருங்கள்.

வங்கிகள் இணைந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. பழைய எண்ணே அலுவலகப் பதிவில் இருந்தால் பணம் திரும்பிவிடும்.

பெயர் வேறுபாடு. நம் பெயர்களில் இது அதிகம். ஆதாரில் "முகமது", ரேஷன் கார்டில் "முஹம்மத்", வங்கியில் வெறும் "எம்." என்று இருக்கும். பீவி, பீ, பேகம் என்று பெண்கள் பெயரின் முடிவும் காகிதத்துக்குக் காகிதம் மாறும். ஆதாரில் உள்ள எழுத்துப்படியே மற்றவற்றையும் திருத்திக்கொள்ளுங்கள்.

சான்று காலாவதியாவது. மருத்துவக் குழு சில சான்றுகளைத் தற்காலிகமாக, குறிப்பிட்ட தேதி வரை மட்டும் தரும். தனித்துவ அடையாள அட்டையில் அந்தத் தேதி இருக்கிறதா என்று பார்த்து, முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

வாழ்நாள் சான்று கொடுக்கத் தவறுவது. பராமரிப்பு உதவித்தொகை பெறுவோர் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும்.

வீட்டில் இல்லாமை. கள ஆய்வுக்கு வந்தபோது பெங்களூரிலோ சென்னையிலோ மகன் வீட்டுக்குப் போயிருந்தால், "முகவரியில் இல்லை" என்று பெயர் நீங்கிவிடக்கூடும்.

6. நிலுவை கேட்கும் முறை

வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனமே குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நமக்கு வர வேண்டியதைக் கேட்பதிலும் அந்த ஒழுங்கு வேண்டும்.

முதலில் பாஸ் புத்தகத்தில் வரவு போட்டு, வராத மாதங்களை ஒரு தாளில் பட்டியலாக எழுதுங்கள். பிறகு இந்த மாதிரியில் மனு தயாரியுங்கள்:

"பெறுநர்: தனி வட்டாட்சியர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்), திருக்கோவிலூர்.
பொருள்: மாற்றுத்திறனாளி உதவித்தொகை, வராத மாதங்களின் நிலுவை கோருதல்.
ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். எனக்கு ..... எண் உத்தரவின்படி ..... மாதம் முதல் மாதம் ரூ. ..... வழங்கப்பட்டு வந்தது. ..... மாதம் முதல் ..... மாதம் வரை, மொத்தம் ..... மாதங்களுக்குத் தொகை என் கணக்கில் வரவாகவில்லை. வங்கிப் புத்தக நகல் இணைத்துள்ளேன். நிறுத்தப்பட்டிருந்தால் அதற்கான காரணத்தையும் உத்தரவு நகலையும் தந்து, நிலுவை ரூ. .....ஐ வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதோடு உத்தரவு நகல், ஆதார், அடையாள அட்டை, பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம், வரவுப் பக்கங்கள் ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை தரவில்லை என்றால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

பதில் இல்லையென்றால் அடுத்த படிகள் இவை. திங்கள்கிழமை கள்ளக்குறிச்சி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். வருடம் ஒரு முறை வட்டத்தில் நடக்கும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். நடக்க முடியாதவர்களும் கல்வராயன் மலைப் பக்கம் இருக்கும் நம் உறவுகளும் 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணில் போனிலேயே பதிவு செய்யலாம்.

அதன் பிறகும் தெளிவான பதில் இல்லையென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்றே கேள்விகள் எழுதுங்கள். என் உதவித்தொகை எந்தெந்த மாதம் எந்தக் கணக்குக்கு அனுப்பப்பட்டது? திரும்பி வந்த தொகை எவ்வளவு? நிறுத்தியிருந்தால் அதற்கான உத்தரவின் நகல் என்ன? 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமும் இல்லை. பணம் அனுப்பித் திரும்பியது என்று எழுத்தில் பதில் வந்துவிட்டால் நிலுவைக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

வழக்கு வரை போக வேண்டியிருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

7. "பொறுமையாகக் கேட்டுக்கொள்ளலாம்" என்பதன் விலை

உச்ச நீதிமன்றம் 2008 ஆகஸ்டில் தீர்ப்பளித்த தர்சேம் சிங் வழக்கை அறிந்துகொள்வது நல்லது. அவர் ராணுவத்தில் பணியாற்றி, உடல்நிலை காரணமாக 1983இல் விடுவிக்கப்பட்டவர். ஊன ஓய்வூதியம் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது 1999இல். பதினாறு ஆண்டு கழிந்திருந்தது. உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, வழக்குப் போட்டதற்கு முந்தைய 38 மாதத்துக்கு மட்டும் நிலுவை தந்தார். மேல்முறையீட்டு அமர்வு முழுக் காலத்துக்கும் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தனி நீதிபதியின் உத்தரவையே நிலைநிறுத்தியது. மாதாமாதம் வர வேண்டிய பணம் வராமல் இருப்பது தொடர்ந்து நடக்கும் தவறு என்பதால் தாமதமாக வந்தாலும் உரிமை அழியாது. ஆனால் பழைய நிலுவையைச் சுமார் மூன்று ஆண்டுக்கு மேல் கேட்க முடியாது என்பதே அதன் சாரம். பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பணம் தாமதத்தால் போனது.

அது படைவீரர் ஓய்வூதிய வழக்கு. நம் 1500 ரூபாய்க்கு அப்படியே பொருந்தும் விதி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் படைவீரருக்கே மூன்றாண்டு என்று வரம்பு கட்டிய நீதிமன்றம், தாமதிப்பவரை எப்படிப் பார்க்கும் என்பது புரிகிறது அல்லவா? நின்ற மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முதல் மனு போய்ச் சேர வேண்டும் என்பது டிரஸ்டின் ஆலோசனை.

இதே இடத்தில் இன்னொரு செய்தி. அரசு ஊழியராக இருந்து இறந்தவரின் பிள்ளை, சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத அளவு ஊனமுற்றவராக இருந்தால், தாய் தந்தை இருவரின் காலத்துக்குப் பிறகும் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதி உண்டு. இது உதவித்தொகையைவிடப் பல மடங்கு பெரிய தொகை. ரயில்வே, தபால், பள்ளி ஆசிரியர், மின்வாரியம் என்று பணியாற்றியவர்களின் குடும்பங்கள் நம் மஹல்லாவில் இருக்கின்றன. அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பழைய ஓய்வூதியப் புத்தகத்தோடு அலுவலகத்துக்கு வாருங்கள்.

8. மொத்தமாக வந்த பணம் யாருடையது?

எட்டு மாதம், பத்து மாதம் சேர்ந்து ஒரே நாளில் வரும்போது வீட்டில் பல கைகள் நீளும். வாசலில் இடைத்தரகரும் நிற்பார். "நான்தான் வாங்கிக் கொடுத்தேன், பாதி கொடு" என்பார். நிலுவை பெற அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. மனு எழுத, இ-சேவையில் பதிய உள்ள சிறு கட்டணத்தைத் தவிர யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஏ.டி.எம். கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் வெளியாரிடம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. பணம் மாற்றுத்திறனாளியுடையது. பேச முடியாத பிள்ளையின் பேரில் வந்ததானாலும், படுக்கையில் இருக்கும் பெரியம்மாவின் பேரில் வந்ததானாலும் அது நம் கையில் இருக்கும் அமானத். முதலில் அவருக்கு வேண்டிய மருந்து, டயப்பர், சக்கர நாற்காலி ரிப்பேர், காது மெஷின் பேட்டரி. அவருக்காகப் பட்ட கடன் அதன் பின். தங்கையின் கல்யாணச் செலவுக்கு அதை எடுப்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். கேட்டுப் புரிந்துகொள்ள முடியாதவர் என்றால் இன்னும் அதிகமாக அஞ்ச வேண்டும்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உள்ள பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும், 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று பெறலாம். வங்கியில் வரும் சிக்கல் இதனால் பெரும்பாலும் தீரும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. பயனாளி மௌத்தானால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அதன் பின் கணக்கில் ஏறும் தொகை நம்முடையதல்ல. எடுத்துச் செலவழித்தால் அரசு திரும்பக் கேட்கும். அரசு கேட்காவிட்டாலும் கணக்கு இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு துறையிலிருந்தும் வந்தால் அதையும் அப்படியே தெரிவிக்க வேண்டும். நம் எட்டு மாதப் பணத்தை உரிமையோடு கேட்கிறவர்கள், நமக்கு உரிமையில்லாத ஒரு மாதப் பணத்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

9. இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஒன்று: ஒப்பளிப்பு உத்தரவை எடுத்து, எந்தத் திட்டம், எந்த மாதம் முதல், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டு: எல்லா வங்கிப் புத்தகங்களிலும் வரவு போட்டு, மாதம் தவறியிருக்கிறதா, தொகை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று: அடையாள அட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

நான்கு: தகுதி இருந்தும் இதுவரை மனு கொடுக்காதவர் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் அவரை இந்த மாதமே அழைத்து வாருங்கள். அவருக்குத் தவறும் மாதம் எந்த மனுவாலும் திரும்பாது.

எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தரவும், நகல் எடுத்துத் தரவும் டிரஸ்ட் அலுவலகம் கட்டணமின்றி உதவுகிறது. ஜும்ஆவுக்குப் பின் மஃரிப் வரை வாருங்கள். நடக்க இயலாதவர் என்றால் சொல்லி அனுப்புங்கள். நாங்கள் வீட்டுக்கு வருகிறோம், இன்ஷா அல்லாஹ். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கும் இந்த உதவி உண்டு. அவர்களிடமும் சொல்லுங்கள்.

பலவீனமானவர்களின் ஹக் அவர்கள் கையில் முழுமையாகப் போய்ச் சேர வல்ல அல்லாஹ் உதவி செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்